உன் குதிகால் புண்ணும் என் அவசரப் பேச்சும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் மகளிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. ஒரு மாத்திரை அட்டை. பத்து மாத்திரைகளும் அப்படியே இருந்தன, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. படத்துக்கு அடியில் சுதா எழுதியிருந்தாள்: "அத்த, இது அம்மா போட்ட கொழுப்பு மாத்திரதானே? அப்பாவுக்கும் நெஞ்சு வலின்னு திருப்பத்தூர்ல இதையே எழுதிக் குடுத்துட்டாங்க. போடவே மாட்டேன்றாரு. நீங்க பேசுங்க."

அந்த அட்டையை எங்கே பார்த்தாலும் நான் அடையாளம் சொல்லிவிடுவேன். உனக்காக மாதாமாதம் வேலூரில் வாங்கி, போளூர் வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியவள் நான்தானே. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டா பயந்தாங்கொள்ளி" என்று சொல்லியிருப்பாய்.

அந்தப் பேரை எனக்கு வைத்ததே நீதான். மலைமேல் ஜமுனாமரத்தூர் பள்ளி விடுதியில் நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிது. விளக்கணைத்த பிறகு நான் மூன்று தடவை எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். நான்காவது தடவை எழுந்தபோது நீ என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "நரி வந்தா மொதல்ல என்னத்தான் துண்ணும், நான்தான் கொழுகொழுன்னு கீறேன், நீ தூங்கு" என்றாய். நான் தூங்கிவிட்டேன். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் என் பயங்களையெல்லாம் உன்னிடம் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பயத்தைக் கொட்டத்தான் இப்போது ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பள்ளி முடிந்து நான் மலையிறங்கினேன், நீ இறங்கவில்லை. அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உனக்கு நிலம் பிடித்திருந்தது, சாமை விதைக்கப் பிடித்திருந்தது, அண்ணனையும் பிடித்திருந்தது. உன் வீட்டுக்காரரை நான் முதல் நாளிலிருந்தே அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு ஆய்வுக்கூட வேலை கிடைத்தது. தோல் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்குத் தீனி மாற்றி, படம் எடுத்து வைக்கிற வேலை. மாடு மேய்ப்பதைவிட இது எந்த விதத்தில் ஒசத்தி என்று நீ கேட்டாய்.

போன வருஷம் ஆடியில் உனக்கு நெஞ்சு அடைத்தது. நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வேலூரில் ரத்தக்குழாய்க்குள் சின்னக் கம்பிவலை வைத்து அடைப்பை விலக்கினார்கள். எழுந்து உட்கார்ந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எங்கேர்ந்துடி கொழுப்பு வந்துச்சி? எங்க வூட்ல ரேசன் எண்ணெயே மாசத்துக்குப் பத்தல" என்பதுதான். "உடம்புல இருக்கறத விட உன் வாயில இருக்கறதுதான் ஜாஸ்தி" என்றேன். பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நமக்கு நர்ஸிடம் திட்டு விழுந்தது.

அடுத்து நீ டாக்டரைப் பார்க்க வந்தபோது, ஆய்வுக்கூடத்தை நடத்துகிற எங்கள் பெரியவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து உன்னை அங்கே கூட்டிப்போனேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாய்.

"இதுவா தோலு? கல்லு பாவன தரையாட்டம் கீது."

"இப்ப பாரு." பிளாஸ்டிக் முனையால் தட்டின் நடுவில் ஒரே ஒரு கோடு இழுத்தேன். கோடு போன இடத்தில் செல்கள் வழித்துக்கொண்டு போய், நடுவில் வெறும் பாதை மட்டும் நின்றது. "இதுதான் காயம். இந்த ரெண்டு ஓரத்துலயும் இருக்கறதுங்க நாளைக்குள்ள நகர்ந்து வந்து மூடிரும்."

"கால் இல்லாம எப்டிடி நடக்கும்?"

"உடம்பையே நீட்டி நீட்டி நகரும். அதுக்கு மேல்சவ்வு வேணும். சவ்வு செய்ய கொழுப்பு வேணும். கொலஸ்ட்ராலுன்னு உன் சீட்டுல எழுதியிருக்கில்ல, அது."

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "அப்ப எனக்கு எதுக்கு அதக் கொறைக்கச் சொல்றானுங்க?"

ரத்தக்குழாயில் போய்ப் படிவது வேறு, செல் தனக்காகத் தானே செய்துகொள்வது வேறு என்றேன். மாத்திரை, உடம்பு கொழுப்பைத் தயாரிக்கிற வேலையைத்தான் மட்டுப்படுத்தும், அதனால் ரத்தத்தில் குறையும், குழாய் அடைக்காமல் இருக்கும் என்றேன். "அப்போ தோலுக்கு?" என்றாய். "அதைத்தான் இங்க பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். அன்றைக்கு நான் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு நாள்தான் ஒழுங்காகப் பேசியிருக்கிறேன்.

ஐப்பசியில் உன் வலது குதிகாலில் இலந்தை முள் ஏறியது. முள்ளை எடுத்தாயிற்று, சீழ் போயிற்று, ஆனால் புண் மூடவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. இலுப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றினாய், வேப்பிலை அரைத்து வைத்தாய், நான் அனுப்பிய களிம்பைத் தடவினாய். ஒரு மாதம் தாண்டியும் ஓரம் சிவந்து, நடுவில் ஈரமாகவே இருந்தது. சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று எனக்குப் படம் அனுப்புவாய். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ராச்சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அதே வாரத்தில்தான் எங்கள் தட்டுகளில் உன் மாத்திரையில் இருக்கிற மருந்தைக் கலந்து பார்த்தோம். ஒரு வரிசையில் மருந்து அதிகம், ஒரு வரிசையில் நடுவாந்தரம், ஒன்றில் துளி, ஒன்றில் மருந்தே இல்லை. மறுநாள் காலையில் நான் முதலில் எடுத்துப் பார்த்தது அதிகம் போட்ட வரிசையை. கோடு போட்டது போட்டபடியே கிடந்தது. ஓரத்துச் செல்கள் நீளாமல், உருண்டு சுருங்கி உட்கார்ந்திருந்தன. எனக்கு உடனே உன் குதிகால்தான் ஞாபகம் வந்தது. மற்ற வரிசைகளைப் பார்க்கக்கூட இல்லை, மாடிப்படியில் நின்று உனக்குப் போன் போட்டுவிட்டேன். அபூர்வமாக முதல் தடவையே மணியடித்தது.

"ஏய், உன் மாத்திரையத் தட்டுல போட்டா எங்க செல்லுங்க எதுவும் நகர மாட்டேங்குதுடி. கோடு மூடவே இல்ல."

நீ சிரிக்கவில்லை. "அப்ப இந்த மாத்திரையாலதான் எனக்கு ஆறலியா?"

"அப்படித்தான் இருக்கும்னு தோணுது" என்றேன்.

எத்தனையோ தடவை அந்த மாடிப்படிக்குத் திரும்பிப் போய் நின்று பார்த்துவிட்டேன். என் குரலில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை எப்படி உன்னிடம் மறைப்பது. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவளுக்கு ஒரு தடவையாவது உனக்குத் தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது என்கிற பெருமை. எதற்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் பயப்படவில்லை.

"வுட்டுட்டா ஆறிடுமா?" என்று கேட்டாய்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"டாக்டரப் பாக்க மறுபடியும் பொங்கலுக்கு அப்புறம்தான்டி வரணும். சாமை அறுப்பு கீது. கால ஊன முடியல. நீ கவலைப்படாத, உன் பேர எங்கயும் சொல்ல மாட்டேன் பயந்தாங்கொள்ளி." சிக்னல் போய்விட்டது.

கீழே இறங்கிவந்து மற்ற தட்டுகளைப் பார்த்தேன். துளி மருந்து போட்ட வரிசைக்கும் மருந்தே போடாத வரிசைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் செல்கள் வழக்கம்போல நீண்டு வந்து கொண்டிருந்தன. மறுநாள் இரண்டும் மூடிவிட்டன. நடுவாந்தர வரிசையில் ஒரு தட்டு தாமதமாக மூடியது, இன்னொன்று எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டது. எங்கள் பெரியவர் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை செய்ததை வைத்து எதுவும் எழுதக்கூடாது, மறுபடி செய்யுங்கள் என்றார். அதிகம் போட்ட வரிசையில் ஊற்றிய அளவு மருந்து எந்த மனுஷர் உடம்பிலும் தோல் வரைக்கும் போய்ச் சேராது என்றும் சொன்னார். இந்த மருந்தால் காயம் சீக்கிரம் ஆறுகிறது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள், தாமதமாகிறது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் நாம் பார்க்கிறோம் என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஞாயிற்றுக்கிழமை மலைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது, மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது என்றார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

மார்கழியில் நீயே கூப்பிட்டாய். "ஆறிடுச்சுடி!" என்று கத்தினாய். "வுட்டு இருவது நாளு ஆவுது. தோலு மூடி, கறுத்து, இப்ப ஓடறேன். உன் தட்டு சொன்னது நெஜம்." நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்தத் தட்டு ஒன்றும் சொல்லவில்லை, மாத்திரையை இன்றைக்கே மறுபடி ஆரம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "பொங்கலுக்கு அப்புறம் வர்றப்ப டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றேன். நான் சொன்னது பலித்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பொங்கலுக்கு அப்புறம் நீ வரவில்லை. கால் நன்றாக இருந்தது, நெஞ்சும் வலிக்கவில்லை, புளி உலுக்குகிற வேலை வந்துவிட்டது. நானும் வா என்று வற்புறுத்தவில்லை.

பங்குனியில் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம். பக்கத்து வீட்டு ஜீப்பில் உன்னை ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் இறக்கத்தில் பாதி வரைதான் வந்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டதா, வேறு எதுவுமா என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. மற்ற மாத்திரைகளை நீ விடாமல் போட்டு வந்தாய் என்று சுதா சொன்னாள். விட்டது அந்த ஒன்றை மட்டும்தான். உன்னைத் தூக்குகிற நேரத்துக்கு நான் வந்து சேர்ந்தேன். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் உன் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புண் சுத்தமாக மூடித் தழும்பாகியிருந்தது.

எட்டு மாதம் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அப்போதுதான் சுதா அனுப்பிய மாத்திரை அட்டைப் படம் வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். என்னால் முடிந்த அளவு தெளிவாக, டாக்டர் எழுதினால் போட்டுத்தான் ஆக வேண்டும், உங்கள் ரத்தக்குழாயிலும் அடைப்பு ஆரம்பித்திருக்கலாம், விளையாட்டு இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "போன வாரம் கால்ல கொடுவா பட்டுடுச்சும்மா. நல்ல வெட்டு. இந்த மாத்திரையப் போட்டா அது ஆறாது. அவளுக்கு ஆறலியே, நான் கண்ணால பாத்தனே. வுட்டப்பறம்தான் மூடுச்சி. வேலூர் டாக்டரே அவளாண்ட சொல்லியிருக்காரு, இந்த மாத்திரையாலதான்னு. கால் போச்சின்னா நிலத்துல எறங்கறது யாரு? நீயே சொல்லு."

வேலூர் டாக்டர். நீ என் பேரைச் சொல்லவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றி, இல்லாத ஒரு டாக்டரை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அந்த டாக்டர் சொன்னதை மறுத்து இனி எந்த டாக்டர் பேசினாலும் அவர் நம்பப்போவதில்லை. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஒழிய அவர் மாத்திரை போடமாட்டார். சொன்னால் அவருக்கு நான் யாராக இருப்பேன் என்று நினைக்க எனக்குத் தெம்பில்லை. "நேர்ல வர்றேண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அந்த ஐந்து நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் நீ சிரிப்பாய். சொல்லாமலே காரியத்தை முடிக்க வழி இருக்கிறதா என்று என்னென்னவோ யோசித்தேன். அந்த டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார், அவர் சொன்னது தப்பு என்று பிறகு தெரிந்தது என்று சொல்லலாமா? சுதாவை விட்டுச் சோற்றில் பொடித்துக் கலக்கச் சொல்லலாமா? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டையும் உண்மையாகவே யோசித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சுதா கூப்பிட்டு, "அத்த, அப்பா மாடு பிடிச்சிக்கினு ஏறும்போது ரெண்டு தடவ நெஞ்சப் புடிச்சிக்கினு நின்னுட்டாரு" என்றாள். அதற்கப்புறம் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும். முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் "அவ கேட்டா, நான்..." என்ற இடத்தில் நின்றுபோனது. ஜமுனாமரத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் உன் ஊருக்குப் போகிற வரையில் என் கையிலிருந்த எலுமிச்சம்பழம் நசுங்கிக் கூழாகிவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை. பாறைக் களத்தில் சத்தம் கேட்டது. சாமைத் தாளைப் பரப்பி மாடு விட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் செருப்பு களத்துக்கு வெளியே கிடந்தது. அவர் வெறுங்காலுடன், பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு, மாடுகளின் பின்னால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கட்டுத் துணியின் ஓரமெல்லாம் தாள் குத்தி நூல் நூலாகப் பிரிந்து, ரத்தம் கசிந்து, அதில் உமி ஒட்டியிருந்தது.

பொட்டில் அடித்ததுபோல அப்படியே நின்றுவிட்டேன். நமக்குப் பதினாலு வயதில் உன் வீட்டுக் களத்தில் நான் ரப்பர் செருப்போடு கால் வைத்தேன். நீ அந்தச் செருப்பைப் பிடுங்கிக் கல் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாய். "தானியத்து மேல செருப்பா? உங்க ஊர்ல இன்னா வளத்து வுட்டாங்க உன்னிய?" எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான், நான்தான் மறந்து ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் முட்செடியில் தேடினோம்.

"அண்ணா," என்றேன். "போன வருசம் அவளும் அந்தப் புண்ணோட களத்துல ஏறுனாளா?"

"வாம்மா. பஸ்ஸு கெடச்சிச்சா?" என்றவர், நான் கேட்டது புரியாமல் பார்த்தார். "ஏறாம? அறுப்பாச்சே. நாளும் ஏறுனா. மிதிக்கறது, தூத்தறது எல்லாம் அவதான். செருப்போடயா ஏற முடியும்?"

"எப்ப முடிஞ்சிச்சு அறுப்பு?"

"கார்த்திக கடைசில. அப்பால மார்கழி பூரா வூட்டோடதான் இருந்தா. கால நீட்டிப் போட்டுக்கினு சாமை பொடச்சிக்கினு."

நீ மாத்திரையை விட்டதும் கார்த்திகைக் கடைசியில்தான். ஒன்றரை மாதம் தினம் அந்தத் தாள் மேல் நடந்திருக்கிறாய். எந்தப் புண் மூடும்? உன் குதிகால் படத்தை அத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்த நான், அந்தக் கால் பகலெல்லாம் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த மலையில் பிறந்து, களத்தில் விளையாடி, கேட்கவில்லை. தட்டில் இருக்கிற செல்லை யாரும் மிதிப்பதில்லை. அதற்காக மாத்திரைக்குப் பங்கே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. மாத்திரை, களத்து மிதிப்பு இரண்டும் ஒரே வாரத்தில் நின்றன, எதனால் ஆறியது என்று இனி பிரித்துப் பார்க்க வழியில்லை. மறுபடி செய்து பார்க்க நீ தட்டு இல்லை.

அண்ணன் மாடுகளைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுக் களத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். சுதா மோர் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது.

"அண்ணா, எந்த டாக்டரும் அவகிட்ட அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். நான் நிறுத்தாமல் சொன்னேன். தட்டு, கோடு, மாடிப்படி, நீ கேட்டது, நான் சொன்னது, மற்ற தட்டுகள், எடுக்காத போன், மழை பெய்த ஞாயிறு, மழை பெய்யாத ஞாயிறு எல்லாம். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். சுதா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத வுடாம போட்டிருந்தா அவ இருந்திருப்பாளா?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியாதுண்ணா. இருந்திருக்கலாம். போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். தெரியாது."

"நான் போட்டா என் கால் ஆறுமா?"

"அதுவும் உறுதியா தெரியாது. களத்துல ஏறாம, ஈரம் படாம, தெனமும் கட்டு மாத்துனா ஆறும்னுதான் நெனைக்கிறேன். ஆறலன்னா டாக்டரப் போய்க் கேப்போம், நானும் வர்றேன். நாமளா மாத்திரைய வுட வேணாம். நெஞ்சு அடைச்சா கால் ஆறி இன்னா பிரயோஜனம்?"

அவர் கட்டுத் துணியில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். அவர் கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "இந்தத் தெரியாதுன்றத அன்னிக்கி அவளாண்ட சொல்லியிருக்கலாமேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "சோறு துண்ணுட்டுப் போ, பஸ்ஸு நாலு மணிக்குத்தான்" என்றார். சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் மறுபடி களத்துப் பக்கம் எழுந்தவரைச் சுதா தடுத்து, "நான் ஏறறேன், நீ வெளிய இரு" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். அவர் வெளியே நின்றார்.

மாத்திரையை அன்று ராத்திரியிலிருந்து போடுகிறார். சுதா தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு "போட்டாரு" என்று ஒரு வார்த்தை அனுப்புகிறாள், முன்னால் 'அத்த' இல்லை. அந்த வார்த்தை வருகிற வரைக்கும் நான் போனை மடியிலிருந்து இறக்குவதில்லை. சிக்னல் இல்லாத நாளில் மறுநாள் காலையில் இரண்டாகச் சேர்ந்து வரும், அதுவரை எனக்குத் தூக்கம் கிடையாது. காலில் வெட்டு ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறதாம். அதைக் கேட்டு நிம்மதிப்படவும் பயமாக இருக்கிறது, போன தடவை நான் நிம்மதிப்பட்டது அப்படித்தான். அண்ணன் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போகலாம், அவர் உயிரோடு இருந்து கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதே சோதனையை இன்னும் செய்துகொண்டிருக்கிறோம். மூடுகிற தட்டும் இருக்கிறது, மூடாத தட்டும் இருக்கிறது, இரண்டையும் முழுசாகப் பார்த்து முடிக்கிற வரையில் நான் மாடிப்படிப் பக்கம் போவதில்லை. ஆனால் நீ அந்தப் பாறை மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. இந்த மாத்திரையாலதான் எனக்கு ஆறலியா என்று கேட்டாய். ஒரு வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எனக்குத் தெரியாதுடி. அன்றைக்கும் தெரியாது.